‘லா ஸ்ட்ராடா’ மெட்டு கீபோர்டோடு சேரவில்லையா?

ஃபெலினியின் ‘லா ஸ்ட்ராடா’ படத்து நாயகி கெல்சோமினாவின் மெட்டை ட்ரம்பெட்டில் வாசித்தால் கீபோர்டைவிட இறங்கியே கேட்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுதில்லை. பி ஃபிளாட் ட்ரம்பெட்டில் தாளிலுள்ள ‘சி’யை ஊதினால் வெளியே வருவது பி ஃபிளாட். கீபோர்டு நோட்ஸை அப்படியே பார்த்து வாசிப்பதுதான் சிக்கல்.

எல்லா நோட்டையும் ஒரு முழுச்சுரம் (இரண்டு அரைச்சுரம்) ஏற்றி எழுதிக்கொள்ளுங்கள். சி மைனர் தாள் டி மைனர் ஆகும். தாளின் தொடக்கத்திலுள்ள மூன்று ஃபிளாட் குறிகள் ஒரே ஒரு குறியாகக் குறையும். அவசரத்துக்கு, தாளை மாற்றாமல், கீபோர்டில் ட்ரான்ஸ்போஸை -2இல் வைத்து இரண்டு அரைச்சுரம் இறக்கினால் போதும். ட்ரம்பெட்டின் வாயில் செருகி ஒலியை மட்டுப்படுத்தும் ஸ்ட்ரெயிட் மியூட் போட்டால், அது சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிடும். அதனால் ஊதிச் சூடானபின், மியூட் போட்டபடியே சுருதி சேர்க்கும் குழாயான ட்யூனிங் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்துச் சரிபாருங்கள்.

நீங்கள் ஒப்பிடும் சூட் (இசைத் தொகுப்பு), படத்தின் இசையமைப்பாளர் நீனோ ரோட்டா 1966இல் மிலானின் லா ஸ்காலா அரங்கப் பாலேவுக்கு அமைத்த இசையிலிருந்து வந்தது. 1954 படத்தின் காட்சி வரிசையை அதில் தேடாதீர்கள். வேகத்துக்குப் படத்தையே கேளுங்கள்: ‘முட்டாள்’ என்ற பாத்திரத்தின் குட்டி வயலின், பிறகு கெல்சோமினாவின் ட்ரம்பெட், கடைசியில் துணி காயப்போடும் பெண்ணின் முணுமுணுப்பு. அலங்காரமே இல்லாத அந்த முணுமுணுப்பைத்தான் நான் அளவுகோலாக வைப்பேன்.