எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் தேவையா?

கேள்வி: என் மகள் மெட்ரிக் பள்ளியில் ப்ளஸ் ஒன், பயோ-மேத்ஸ் குரூப். பத்தாவதில் 500க்கு 462 எடுத்தவள். காலாண்டில் கணிதம் 90க்கு 34, இயற்பியல் 70க்கு 26, வேதியியல் 70க்கு 33. உயிரியலில் மட்டும் 55. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் எல்லாப் பாடமும் சேர்த்து வாரம் ஆறு நாள், மாலை 6 முதல் 8.30 வரை எடுக்கிறார்கள். பாடத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாக வைத்தால் செலவு இரண்டு மடங்காகும். மகன் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. எம்-1 (முதல் செமஸ்டர் கணிதத் தாள்) இன்னும் அரியராகவே நிற்கிறது. அவனையும் அங்கேயே சேர்த்துவிடலாமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: பணம் கட்டுவதற்கு முன்னால் மகளின் காலாண்டு விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். மொத்த மதிப்பெண்ணை விடுங்கள். எந்தப் பகுதியில் போயிருக்கிறது என்று பாருங்கள். இயற்பியல் தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 15. அப்புறம் இரண்டு மதிப்பெண்ணில் ஆறு, மூன்றில் ஆறு, ஐந்தில் ஐந்து எழுத வேண்டும். ஒரு மதிப்பெண் கேள்விகளிலேயே ஏழு எட்டு தப்பு என்றால், பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளைக்கூடப் பிள்ளை புரட்டவில்லை. அதற்கு யாருக்கும் ஃபீஸ் கட்ட வேண்டாம். ஐந்து மதிப்பெண் டெரிவேஷனைப் பிசகாமல் எழுதிவிட்டு, இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் பெரும்பாலும் கணக்காகவே வரும் கட்டாயக் கேள்விகளை வெறுமனே விட்டிருந்தால் கதை வேறு. மனப்பாடம் நடக்கிறது, கணக்கு ஓடவில்லை என்று பொருள்.

நீங்கள் சொன்ன மதிப்பெண்களைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். உயிரியலில் 55 எடுத்த பிள்ளையைப் படிக்காத பிள்ளை என்று சொல்ல முடியாது. கணக்குப் போட வேண்டிய மூன்று பாடங்கள் மட்டும் ஒன்றாகச் சரிந்திருக்கின்றன. மூன்று பாடம் சேர்ந்து விழும்போது காரணமும் மூன்றாக இருப்பது அபூர்வம்.

ப்ளஸ் ஒன் பாடத்திட்டத்திலேயே ஒரு சிக்கல் உண்டு. இயற்பியல் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே வெக்டர், டிஃபரன்சியேஷன், இன்டகிரேஷன் மூன்றும் வந்துவிடுகின்றன. கணிதப் புத்தகத்திலோ இவை எல்லாம் இரண்டாம் தொகுதியில்தான். பள்ளியில் அந்தப் பாடங்களுக்கு வரும்போது காலாண்டு முடிந்திருக்கும். இயற்பியல் ஆசிரியர் "இது மேத்ஸ்ல வரும்" என்று சொல்லிவிட்டு நகர்வார். கணித ஆசிரியர் அப்போது செட், ஃபங்ஷன், திரிகோணமிதியில் இருப்பார். நடுவில் மாட்டிக்கொள்வது பிள்ளை. பத்தாவது வரை படித்த விதத்தில் இதைச் சமாளிக்க வழியே இல்லை. ஆகவே 462 எடுத்தவளுக்கு இப்போது என்ன ஆயிற்று என்று அவளைக் குடையாதீர்கள்.

வேதியியலில் இடிப்பது பெரும்பாலும் முதல் பாடம்தான். மோல் கணக்கும், ஆக்ஸிஜனேற்ற ஒடுக்கச் சமன்பாடுகளைச் சமன் செய்வதும் அங்கே இருக்கின்றன. அதை அரைகுறையாக விட்டால் கரைசல்கள், சமநிலை என்று பின்னால் வரும் எல்லாக் கணக்கிலும் அதே இடத்தில் தடுக்கும்.

சென்டர் கணக்குக்கு வருவோம். தினம் இரண்டரை மணி நேரம், ஆறு நாள்: வாரத்துக்கு 15 மணி நேரம். நான்கு பாடம் என்று வைத்தாலும் ஒன்றுக்கு நான்கு மணி நேரம்கூட இல்லை. அதில் உயிரியலுக்குப் போகும் நேரம் வீண். எட்டரைக்கு வந்து சாப்பிட்டு, பள்ளி வீட்டுப்பாடத்தை முடித்தால் பதினொன்று. தானாக உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க நேரம் எங்கே? பள்ளியில் ஒரு முறை, சென்டரில் ஒரு முறை என்று இரண்டு தடவை பார்த்த கணக்கு, தெரிந்த கணக்கு மாதிரியே தோன்றும். பரீட்சை ஹாலில்தான் தெரியாதது தெரியும்.

என் யோசனை: கணிதத்தையும் இயற்பியலையும் ஒரே ஆள் எடுக்கட்டும். இந்த இடத்தில் பல பாடம் எடுக்கும் ஆசிரியர் உண்மையிலேயே நல்லது. இயக்கவியல் நடத்தும் அன்றே டிஃபரன்சியேஷனை எடுத்துக்கொடுக்க அவரால் முடியும். தனித்தனியாக இரண்டு பேர் இருந்தால் அது நடக்காது. வாரம் மூன்று நாள், ஒன்றரை மணி நேரம் போதும். வேதியியலுக்கு முதல் பாடத்தை மட்டும் ஒரு மாதம் யாரிடமாவது போட்டுப் பழகினால் சரி. உயிரியல், தமிழ், ஆங்கிலத்துக்கு எதுவும் வேண்டாம். நீட் எழுதும் எண்ணம் இருந்தால் அது வேறு விஷயம்: அங்கே 720இல் 360 உயிரியல், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும், அந்தப் பயிற்சியை இத்துடன் குழப்பக் கூடாது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது "நோட்ஸ் தருவீர்களா, டெஸ்ட் உண்டா" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எல்லாரும் தருவார்கள். விடைத்தாளை அவர் முன்னால் வைத்து, எங்கே சறுக்கியிருக்கிறாள் என்று கேளுங்கள். பார்க்காமலே "விடுங்கம்மா, சென்டம் வாங்க வச்சிடலாம்" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். டெமோ வகுப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பேனா யார் கையில் இருக்கிறது? ஆசிரியரே முழுக்கப் போட்டுக் காட்டினால் பிள்ளைக்கு ஒன்றும் சேராது. பள்ளியில் அவளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியரிடமே டியூஷன் வேண்டாம் என்பேன். பிராக்டிகல் 20, இன்டர்னல் 10 மதிப்பெண் அவர் கையில் இருக்கும்போது, சரியில்லை என்றாலும் நிறுத்த உங்களுக்குத் தைரியம் வராது.

ப்ளஸ் ஒன் பாடத்தை மார்ச் வரை நடத்துவார்களா என்றும் கேளுங்கள். 2017-18இல் வந்த ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26இலிருந்து இல்லை. அது வருவதற்கு முன்னால் பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வருடமும் ப்ளஸ் டூவையே நடத்தின. அந்தப் பழக்கம் திரும்பி வர ரொம்ப நாள் ஆகாது. டிசம்பரிலேயே ப்ளஸ் டூ ஆரம்பம் என்று பெருமையாகச் சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

ஃபீஸை மாதாமாதம் கட்டுங்கள். மத்திய அரசு 2024 ஜனவரியில் வெளியிட்ட பயிற்சி மைய வழிகாட்டுதல்களில், நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான தொகையை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானது. தெருமுனை டியூஷனில் மொத்தமாகக் கட்டினால் போனது போனதுதான்.

மகனை அங்கே அனுப்ப வேண்டாம். ப்ளஸ் டூ கணிதம் நன்றாக எடுப்பவருக்கு எம்-1 தாள் பழக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அவனுக்குத் தேவை வாரத்தில் இரண்டு நாள், அந்தத் தாளைத் தொடர்ந்து நடத்திவரும் ஒரு ஆள்; அவன் கல்லூரி சீனியராக இருந்தாலும் பரவாயில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டம்) என்றால் எம்-1இல் ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலிருந்தும் 'இது அல்லது அது' என்று பெரிய கேள்வி வரும். முதல் யூனிட்டான மேட்ரிக்ஸில் ஐகன் மதிப்பு, கேய்லி-ஹாமில்டன் தேற்றம் எல்லாம் கால்குலஸ் தெரியாமலே போடக் கூடியவை. அங்கிருந்து தொடங்கி, மூன்றாம் யூனிட்டின் பகுதி வகையிடலுக்கு (பார்ஷியல் டிஃபரன்சியேஷன்) போகட்டும். இன்டகிரேஷன் வரும் நான்காவதும் ஐந்தாவதும் கடைசியில். அடானமஸ் (தன்னாட்சி) கல்லூரி என்றால் வினாத்தாள் அமைப்பு மாறும். கல்லூரி நூலகத்தில் பழைய வினாத்தாள் கிடைக்கும்.

கடைசி இரண்டு யூனிட்டில் அவன் திணறினால், ஓட்டை ப்ளஸ் ஒன் புத்தகத்தின் இன்டகிரேஷன் பாடத்தில் இருக்கலாம். தங்கையின் இரண்டாம் தொகுதி வீட்டில்தானே இருக்கிறது, அதிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.