பரீட்சை முடிந்த பிள்ளை, செத்தவீடு முடிந்த வீடு: கேள்வி பதில்

கொழும்பில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தர வகுப்புகளோடு வழிகாட்டல் ஆலோசனையும் பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இந்த ஓகஸ்ட் விடுமுறையில் வீட்டில் ஒரு சாவு, மறுபக்கம் கம்பஸ் கனவு, இடையில் "பிள்ளையை எங்காவது கூட்டிக்கொண்டு போங்கோ" என்கிற சொந்தக்காரர் என்று திண்டாடுகிற வீடுகளுக்காகப் பதில் சொல்கிறேன். காணி, பென்ஷன், சீட்டுக்காசு என்னிடம் கேட்கவேண்டாம்.

வெள்ளவத்தைத் தாய்: அவர் போய் மூன்று மாதம். மகனுக்கு 18. உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிறான், கணிதப் பிரிவு. செத்தவீட்டில் இருந்து இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கிரிக்கெட், சிரிப்பு, போன். போன கிழமை "மொறட்டுவ கம்பஸைப் போய்ப் பார்ப்போமா?" என்று கேட்கிறான். இவனுக்குக் கல் மனமா, டீச்சர்?

பதில்: இல்லை அம்மா. இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் துக்கத்தைத் துண்டு துண்டாகத்தான் அனுபவிப்பார்கள். பத்து நிமிடம் உள்ளே போவார்கள், பிறகு வெளியே வந்து பந்து எறிவார்கள். 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தெளிவாக எழுதினார்கள். இழப்பை நினைத்து உடைவது ஒரு பக்கம், மாறிப்போன வாழ்க்கையை ஒழுங்குபடுத்துவது மறுபக்கம், மனிதர் இரண்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள் என்று. போய்வருவது நல்லது. ஒரே பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டால்தான் யோசிக்கவேண்டும். மறுப்பு, கோபம் என்று ஐந்து படி சொல்வார்களே, அது குப்லர்-ரோஸ் 1969இல் எழுதியது. சாகப்போகிற நோயாளிகளோடு பேசி எழுதினார். உங்கள் மகன் அந்தப் படிகளில் வரிசையாக ஏறவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அழவில்லை என்று எப்படித் தெரியும்? குளிக்கப் போனால் முன்னையைவிட நேரம் எடுக்கிறானா என்று பாருங்கள். பைப்பைத் திறந்துவிட்டு அழுகிற பையன்கள் நிறைய. இன்னொன்று, செத்தவீட்டில் யாராவது அவன் தோளில் கைபோட்டு "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிளை" என்று சொன்னார்களா? சொல்லியிருப்பார்கள். சொல்லாத செத்தவீட்டை நான் கண்டதில்லை. அந்த நிமிடத்தோடு அவனுக்கு அழுகிற உரிமை போயிருக்கும். இன்று இரவே "அம்மா இருக்கிறேன், வீட்டை நான் பார்ப்பேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மொறட்டுவைக்குக் கட்டாயம் போங்கள். காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் எடுத்துக் கட்டுபெத்தச் சந்தியில் இறங்கி உள்ளே போகவேண்டும். வாசலில் காவலர் நிறுத்துவார். அவனுடைய பாடசாலையில் படித்த சீனியர் ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சுக் கொடுக்காதீர்கள். பேசவேண்டியதை அவனே பேசுவான், பெரும்பாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நித்திரை இல்லாமை, சாப்பாடு இறங்காமை, நண்பர்களையும் விட்டு ஒதுங்குவது, இவை கிழமைக்கணக்கில் போனால் வைத்தியரிடம் காட்டுங்கள். பதின்ம வயதில் 6 மாதம் கடந்தும் துக்கம் அதே கூரோடு நின்று அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதற்கென்று வைத்திய முறை இருக்கிறது.

தெஹிவளை மாணவி: டீச்சர், பயோ, இசட் 1.6. கொழும்பு மாவட்டம். என்ன கிடைக்கும்?

பதில்: இசட் என்கிற உயர்தரத் தரப்படுத்தல் புள்ளியை வைத்து வெட்டுப்புள்ளிச் சோதிடம் நான் பார்ப்பதில்லை. வருடத்துக்கு வருடம் மாறும். போன வருடப் பட்டியலைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு வைத்துப் பாருங்கள் மகள்.

கொட்டாஞ்சேனைத் தந்தை: மனைவி ஜனவரியில் காலமானார். மகளை டொக்டராகப் பார்க்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மகளின் புள்ளி மருத்துவத்துக்குப் பட்டும் படாமலும் இருக்கிறது. பிள்ளை பேராதனையில் விவசாயம் படிக்கிறேன் என்கிறாள். தாயின் ஆசை என்று எடுத்துச் சொல்லி மூன்றாம் முறை எழுதவைக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணா. இதை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: செத்தவரின் ஆசையை விண்ணப்பப் படிவத்தில் நிரப்பாதீர்கள்.

தாய் உயிரோடு இருந்திருந்தால் பெறுபேறு வந்த அன்று முகம் வாடியிருப்பார். மறுநாள் மகளோடு கதைத்திருப்பார். ஒரு கிழமையில் "சரி, உனக்கு எது விருப்பம்?" என்றிருப்பார். அந்த ஒரு கிழமை அவருக்குக் கிடைக்கவில்லை. அதனால் அவருடைய ஆசை ஜனவரியிலேயே நின்றுவிட்டது. அதை இப்போது பிள்ளையின் தலையில் வைத்தால், அவள் மறுத்தாலும் பாவம், ஏற்றாலும் பாவம். தாய்க்காகப் படிக்கப்போய் இரண்டாம் வருடத்தில் உடைந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

கணக்கையும் பாருங்கள். பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கொழும்பு அந்த 16இல் இல்லை. இங்கே போட்டி கடுமை என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உயர்தரம் மூன்று முறை எழுதலாம், உண்மை. மூன்றாம் முறை எழுதுவதென்றால் அது அவளுடைய முடிவாக இருக்கட்டும்.

முதலில் அவளைப் பேராதனைக்குக் கூட்டிப்போங்கள். கண்டி பஸ் அங்கே இறக்கிவிடும். கம்பஸும் தாவரவியல் பூங்காவும் கிட்டக்கிட்ட. காலையில் பீடத்தைப் பார்த்துவிட்டு மத்தியானம் பூங்காவில் கட்டிக்கொண்டு போன சோற்றைச் சாப்பிடலாம். 1952 முதல் மாணவர் நடக்கிற வளாகம் அது. மகாவலிக் கரையில் நடந்தபிறகு "விவசாயம் என்ன படிப்பு?" என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

பம்பலப்பிட்டித் தாய்: கணவர் இறந்தபின் மகாபொல புலமைப்பரிசிலுக்கு வருமானம் எப்படிக் காட்டுவது?

பதில்: இன்றைய வருமானத்தை. பழக்கத்தில் அவருடைய சம்பளத்தை எழுதிவிடாதீர்கள். இறப்புச் சான்றிதழின் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வெள்ளவத்தை ஐயா ஒருவர்: நீங்கள் கம்பஸ் பார், பூங்கா பார் என்று எல்லாரையும் கிளப்பிவிடுகிறீர்கள். ஒரு வருடத்து ஆட்டைத் திவசம் முடியாத வீட்டார் உல்லாசமாகத் திரிவது எங்கள் முறையா? ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போது எட்டிப் பார்க்காமல் உள்ளே இருந்த வீடுகள் உண்டு. இப்போது சாம்பல் கரைத்த ஈரம் காயமுதல் நுவரெலியா!

பதில்: ஐயா, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் துடக்கு. அதற்குப் பிறகு கோயில் விசேஷங்களைத் தள்ளிவைப்பது வீட்டுக்கு வீடு மாறும். எந்தக் குருக்களும் பதினேழு வயதுப் பிள்ளையைக் கடற்கரைக்கு விடாதே என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்கள் ஆட்கள் மலையகத்தில் இருந்து வந்தவர்கள். 16இல் கருமாதி முடித்தால் மறுநாள் வேலைக்குப் போகவேண்டியதுதான். ஐயாவின் கணக்குப்படி நாங்கள் எல்லாம் முறை கெட்டவர்களா?

வெள்ளவத்தை ஐயா: நான் அப்படிச் சொல்லவில்லை. வேலை வேறு, உல்லாசம் வேறு.

மாளிகாவத்தை மாணவி: டீச்சர், எங்களுக்கு இன்னொரு பிரச்சினை. வாப்பா மௌத்தாகி இரண்டு மாதம். உம்மா இத்தாவில் இருக்கிறார், கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கிற நான்கு மாதம் பத்து நாள். எனக்குக் கொழும்பு கம்பஸ் பார்க்கவேண்டும். உம்மா வரமுடியாது. உம்மா வீட்டில் இருக்க நான் போவது சரியா என்று மனம் குத்துகிறது.

பதில்: மகள், இத்தா உம்மாவுக்கு. மற்றவர்கள் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காக்கத் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மௌலவியிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை. சாச்சாவோ மாமாவோ கூட்டிப்போகட்டும். நிறையப் படம் எடுங்கள். வந்து உம்மாவின் கட்டிலில் இருந்து ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் அது. கல்லூரி இல்லத்துக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுக்காமல் வராதீர்கள். உம்மாவுக்கும் அது ஒரு பயணம்தான்.

வெள்ளவத்தை ஐயா: பார்த்தீர்களா, அவர்களுக்காவது ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

மட்டக்குளி வாசகி: ஐயா, நாங்கள் கத்தோலிக்கர். 31ஆம் நாள் பூசை முடிந்து எல்லாரும் போனபிறகுதான் வீடு உண்மையில் வெறுமையானது. அந்த மாதம் யாராவது என் தம்பியை வெளியில் கூட்டிப்போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஊர் என்ன சொல்லுமோ என்று ஒருவரும் வரவில்லை.

பதில்: ஐயாவுக்கு இன்னொருமுறை, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முறையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. நம் முறை துக்கத்துக்கு நாள் குறித்துத் தந்திருக்கிறது. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி, பிறகு திவசம். அந்த நாளில் விரதம் இரு, சமை, காகத்துக்கு வை, பெயரைச் சொல். இதன் அருமை என்னவென்றால் மற்ற நாள்களை அது விட்டுவிடுகிறது. நீங்கள் 365 நாளையும் அமாவாசை ஆக்குகிறீர்கள்.

அந்த நாளிலும் பிள்ளையை மூலையில் உட்காரவைக்காமல் ஒரு வேலை கொடுங்கள். அப்பாவுக்குப் பிடித்த கறியை அவன் தெரிவு செய்யட்டும். வாழையிலையை அவன் வாங்கிவரட்டும்.

உல்லாசம் என்கிறீர்கள். அப்பா இல்லாமல் போகிற முதல் பயணத்தில் உல்லாசம் எங்கே இருக்கிறது? காலிமுகத் திடலில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். பையன் வண்டிக்காரரிடம் பழக்கத்தில் "இறால் வடை நாலு" என்றான். தாயும் தங்கச்சியும் அவனைப் பார்த்தார்கள். அவன் மூன்று என்று திருத்தவில்லை. நாலையும் வாங்கி, கடைசி வடையை மூன்றாகப் பிய்த்தான். வெங்காயம் எல்லாம் தாளில் கொட்டியது, மூன்று பேரும் சிரித்தார்கள். தாய் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்குள் மாதக்கணக்கில் நடக்காதது அங்கே ஐந்து நிமிடத்தில் நடந்தது.

நுவரெலியா மட்டும் எனக்கும் பிடிக்கவில்லை, காரணம் வேறு. நீண்ட வான் பயணம், பாட்டு, பதினைந்து சொந்தக்காரர், பின்சீட்டில் வாய் திறக்காத பிள்ளை. முதல் பயணம் ஒரு பின்னேரத்துக்குள் முடியட்டும். வேண்டாம் என்று பட்டால் உடனே வீடு திரும்பக்கூடிய தூரம். காலிமுகத் திடல், விகாரமகாதேவிப் பூங்கா, தெஹிவளை மிருகக்காட்சிசாலை போதும்.

வெள்ளவத்தை ஐயா: வடைக் கதைக்குப் பதில் இல்லை. ஆனாலும் கோயில் கொடியேற்றத்துக்குப் போகக்கூடாது.

பதில்: போகவேண்டாம் ஐயா. ஒத்துக்கொள்கிறேன். இதோடு இந்தச் சண்டையை நிறுத்துவோம், காத்திருப்பவர்கள் நிறைய.

கிராண்ட்பாஸ் வாசகர்: மகள் அழுவதே இல்லை...

பதில்: முதல் பதில்.

நாரஹேன்பிட்டி மாணவன்: இசட் 1.4, மெத்ஸ், மொறட்டுவ...

பதில்: தெஹிவளைப் பிள்ளைக்குச் சொன்னதுதான் தம்பி.

இரத்மலானைப் பெரியப்பா: தம்பி இறந்துவிட்டார். அவருடைய மகன் இனி குடும்பத்துக்குப் பொறுப்பு என்பதை உணர்த்த வேலைக்கு அனுப்பலாம் என்று பார்க்கிறோம். கம்பஸ் பிறகு பார்க்கலாம்தானே?

பதில்: "இனி நீதான் ஆம்பிளை", வேறு உடுப்பில் வந்திருக்கிறது. உண்மையில் காசு முட்டு என்றால் சொந்தக்காரர் இருந்து கணக்குப் போடுங்கள். கம்பஸ் தொடங்கும்வரை பகுதிநேரமாக ஏதாவது செய்வதில் தவறில்லை. அனுமதி கிடைத்தால் திகதிக்குள் பதிவுசெய்யவேண்டும். இடம் அவனுக்காகக் காத்திருக்காது. பொறுப்பு உணர்த்துவதற்காக என்றால் வேண்டாம். தகப்பனைத் தூக்கிக்கொண்டு கனத்தை மயானத்துக்குப் போன பிள்ளைக்கு நீங்கள் புதிதாக உணர்த்த ஒன்றுமில்லை.

மருதானை மாணவி: அம்மம்மாதான் என்னை வளர்த்தவர். அவர் இல்லாமல் ஹொஸ்டலுக்குப் போகவே பயம். பகிடிவதை வேறு.

பதில்: பகிடிவதை 1998இன் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நடந்தால் வீட்டுக்கும் பீடத்துக்கும் அன்றே சொல்லவேண்டும். அம்மம்மாவின் பொருள் ஒன்றை ஹொஸ்டலுக்குக் கொண்டுபோங்கள், சால்வையோ செம்போ. செத்தவரை மறந்தால்தான் முன்னேறலாம் என்பது பழைய எண்ணம். கூட வைத்துக்கொண்டே நடக்கலாம்.

பெயர் வேண்டாம் என்ற மாணவன், 16: அம்மா போய் ஐந்து மாதம். கல்கிசைக் கடலில் குளித்தபோது சந்தோஷமாக இருந்தேன். அன்று இரவில் இருந்து நித்திரை இல்லை. நானும் போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. அப்பாவிடம் சொல்லமுடியாது.

பதில்: தம்பி, மற்றவர்களை நிறுத்திவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். கடலில் சந்தோஷமாக இருந்தது துரோகம் இல்லை. அதை அம்மா கண்டிருந்தால் துவாயோடு கரையில் நின்று "காணும், ஏறு" என்றுதான் கத்தியிருப்பார்.

"நானும் போயிருக்கலாம்" என்ற நினைப்பைத் தனியாக வைத்திருக்கவேண்டாம். இன்று இரவே 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், எந்த நேரமும் எடுக்கலாம். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் இருக்கிறது, காசு போகாது. தமிழில் பேசவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உங்களை ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், யாரையாவது எழுப்பி அருகிலுள்ள ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். அப்பாவிடம் வாயால் வராவிட்டால் எனக்கு எழுதியதை அப்படியே போனில் காட்டுங்கள். அவரும் இப்போது நித்திரை இல்லாமல்தான் இருப்பார். மாமியோ வகுப்பாசிரியரோ, யாரென்றாலும் பரவாயில்லை, ஒரு பெரியவருக்கு இன்று தெரியவேண்டும். நாளைக் காலை எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வத்தளைத் தாய்: மகனின் இசட்...

பதில்: அம்மா, கைநூல்.

தெமட்டகொடைத் தாய்: கணவர் எஞ்சினியராக வரவேண்டும் என்று ஆசைப்பட்டார், மகன் வர்த்தகம்...

பதில்: கொட்டாஞ்சேனை அண்ணாவுக்கு எழுதியதை வாசியுங்கள். செத்தவரின் ஆசையைப் படிவத்தில் நிரப்பாதீர்கள். வர்த்தகம் படித்தவனுக்கு ஸ்ரீ ஜயவர்த்தனபுரவின் முகாமைத்துவ பீடத்தைக் காட்டுங்கள். 138 பஸ்ஸில் நுகேகொடையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கங்கொடவில பக்கம்தான். சனிக்கிழமை போகாதீர்கள், வகுப்பு நடக்கிற நாளில் போனால்தான் பிள்ளைகளைப் பார்த்துப் பேசலாம்.