சென்சாருக்காக நிற்கும் லாரிகள்: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலிருந்தும் அவற்றை அடுத்த ஆரணியிலிருந்தும் லாரி உரிமையாளர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை பி.எஸ். 6 என்ற புகை மாசுத் தரத்துக்கு உட்பட்ட வண்டிகளில், புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரைப் பற்றியே வந்துள்ளன. அது பழுதாகிவிட்டது என்கிறார்கள், மாற்றுவதற்குப் புதியது இல்லை என்கிறார்கள், வண்டியோ வாரக்கணக்கில் நிற்கிறது. டீசல் வண்டிகளின் ஒயரிங், சென்சார் வேலையையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து: ஐயா, வணக்கம். தோல் பதனிடும் ரசாயனம் ஏற்றும் ஆறு சக்கர வண்டி வைத்திருக்கிறேன். பேரணாம்பட்டைத் தாண்டிப் பத்தரப்பல்லி மலைப்பாதையில் ஏறும்போது விளக்கு எரிந்தது. அதன்பின் வண்டி இழுக்கவில்லை. நாக்ஸ் சென்சார் போய்விட்டது, ஸ்டாக் இல்லை, மூன்று வாரம் ஆகும் என்கிறார்கள். இஞ்சின் நன்றாக இருக்கும்போது சைலன்சரில் உள்ள ஒரு சென்சாருக்காக வண்டி ஏன் இழுக்காமல் போகிறது?

இழுவை குறைந்தது இஞ்சினில் நேர்ந்த பழுது அன்று; விதிக்கு உட்பட்டு வேண்டுமென்றே செய்துவைத்த ஏற்பாடு. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகளில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காக, நாம் ஆட்ப்ளூ என்றும் டிரைவர்கள் யூரியாத் தண்ணீர் என்றும் சொல்லும் கரைசலைப் புகைக்குழாயில் தெளிக்கிறார்கள். அது சூட்டில் அம்மோனியாவாக மாறி, சைலன்சருக்குள் இருக்கும் வினையூக்கியில் அந்த ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. வினையூக்கிக்கு முன்னால் ஒரு நாக்ஸ் சென்சார், பின்னால் ஒரு நாக்ஸ் சென்சார் என்று இரண்டு இருப்பது வழக்கம். எவ்வளவு தெளிக்க வேண்டும், தெளித்தது வேலை செய்ததா என்பதை அவை சொல்லித்தான் வண்டியின் கம்ப்யூட்டர் அறிகிறது. அந்தச் செய்தி வராமல் போனால் முதலில் விளக்கு எரியும்; குறிப்பிட்ட நேரத்துக்குள் சரிசெய்யப்படாவிட்டால் இழுவை படிப்படியாகக் குறைக்கப்படும்.

கிடைக்காததற்கும் காரணம் உண்டு. முனை ஸ்பார்க் பிளக் போலவும், மறுமுனை தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டியாகவும், நடுவில் ஒயருமாக இருக்கும் இந்தப் பொருளைப் பிரித்துப் பாதியை மட்டும் மாற்ற முடியாது. முனைக்குள் இருக்கும் பீங்கான் சில்லு ஏறத்தாழ 800 டிகிரி வரை சூடேறினால்தான் அளக்கும். அதைச் செய்யும் நிறுவனங்கள் உலகத்திலேயே மிகச் சிலதான். 2021-இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பெரிய நாடுகளின் லாரிகளும் இதே சென்சாருக்காக நின்றன. இங்கே அதோடு இன்னொன்றும் சேர்கிறது: ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு எண் என்பதால், விலை உயர்ந்த இந்தப் பொருளை எந்தக் கடைக்காரரும் அலமாரியில் அடுக்கிவைத்துக் காத்திருக்க விரும்புவதில்லை.

ஆம்பூரிலிருந்து: ஸ்கேனர் போட்டுப் பார்த்துச் சென்சார்தான் என்று சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு நாம் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது, இந்தத் தொகுப்பில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதும் இதைத்தான். ஸ்கேனர் பழுதுக் குறியீட்டைத்தான் சொல்லும், பழுதான பொருளைச் சொல்லாது. அந்தக் குறியீட்டின் முழு வாசகத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஹீட்டர் பழுது என்றிருந்தால் பெரும்பாலும் சென்சாரே போயிருக்கும். தகவல் தொடர்பு இல்லை என்றிருந்தால் முதல் சந்தேகம் ஒயரின் மேல் விழ வேண்டும். அளவு பொருந்தவில்லை அல்லது சுத்திகரிப்புத் திறன் குறைவு என்றிருந்தால், சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்ற வாய்ப்பு பலமாக உண்டு. தூது வந்தவனைக் கொல்வது முறையன்று என்று விபீடணன் அண்ணனிடம் வாதாடினான். சென்சாருக்காக வாதாட ஷோரூமில் ஆள் இல்லை.

என் ஷெட்டுக்கு வந்த ஒரு வண்டியைச் சொல்கிறேன். பதினெட்டு நாள் சென்சாருக்காக நின்றுவிட்டு, சலித்துப்போய், இழுவை குறைந்த நிலையிலேயே மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பின் சென்சாரின் ஒயர், சேசிஸ் கிளாம்பு ஒன்றைச் சுற்றித் திரும்பும் இடத்தில், மேலுறை தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. அந்தச் செம்பின் மேல் பச்சை பூத்திருந்தது. கையால் அசைத்தால் சென்சார் பேசும், விட்டால் மௌனமாகிவிடும். ஒயரை வெட்டி இணைத்து, உறை போட்டு, கிளாம்பை இரண்டு விரற்கடை தள்ளி மாட்டியதும் வண்டி அன்று மாலையே பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஓசூருக்கு லோடு எடுத்துப் போயிற்று. ஆர்டர் போட்ட சென்சார் அதன்பிறகு வந்து சேர்ந்ததாகக் கேள்வி.

ஆகவே பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சென்சார் ஒயர் வந்து இணையும் கப்ளரைத் திறந்து, ஈரமோ பச்சையோ வளைந்த பின்னோ இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரோடு பேசும் இரண்டு முறுக்கு ஒயர்களுக்கு இடையே மீட்டர் வைத்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் அந்தப் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. சென்சாரை மாற்றிப் பயனில்லை. பேட்டரியை மாட்டிச் சாவி போட்டபின் கப்ளருக்கு 24 வோல்ட் வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். யூரியா தெளிக்கும் முனையைக் கழற்றிப் பார்த்தால் உப்புப் பாளம் போல வெள்ளையாக உறைந்திருப்பதும் அடிக்கடி காணக்கூடியது. அது அடைத்துக்கொண்டால் ஆக்சைடு குறையாது; அதிகமாக ஒழுகினாலோ, மிஞ்சிய அம்மோனியாவையும் இந்தச் சென்சார் ஆக்சைடாகவே எண்ணிக் கூட்டிச் சொல்லும். இரண்டு வகையிலும் பழி சென்சாரின் மேல்தான் விழுகிறது.

குடியாத்தத்திலிருந்து: ஆன்லைனில் கால்வாசி விலைக்குக் கிடைக்கிறது. விபத்தில் உடைந்த வண்டியிலிருந்து கழற்றிய பழையதும் ஒன்று வந்திருக்கிறது. எதை வாங்கலாம்?

இரண்டில் ஒன்று என்றால், எண் அப்படியே பொருந்தும் பழையதைப் பரிசோதித்து வாங்குவேன். கால்விலைப் புதியதைத் தொடமாட்டேன். அந்த மலிவுச் சரக்கில் பெட்டி ஒன்றாகவும் உள்ளிருக்கும் மென்பொருள் வேறாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஒரு வாரம் ஓடிவிட்டு மறுபடியும் அதே விளக்கு எரியும். பழையதிலும் கவனம் தேவை. முன் சென்சாரும் பின் சென்சாரும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவற்றின் முகவரி வேறு. இடம் மாற்றி மாட்டினால் வேலை செய்யாது. மேலே பொறித்த எண்ணின் கடைசி எழுத்துவரை ஒத்திருக்க வேண்டும். முனையில் கரி அப்பியிருந்தாலும், கீழே விழுந்த தழும்பு தெரிந்தாலும் வேண்டாம், பீங்கான் உள்ளே விரிசல் விட்டிருக்கும். சில மாடல்களில் புதிதாக மாட்டியபின் ஸ்கேனர் வழியாகப் பழைய கணக்கை அழித்துத் தொடங்க வேண்டியிருக்கும் என்பதால், அதைச் செய்யக்கூடிய ஆளை முதலில் உறுதிசெய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து: சென்சாரே தேவையில்லாமல் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டால் வண்டி பழையபடி இழுக்கும், யூரியாச் செலவும் மிச்சம் என்று ஒருவர் சொல்கிறார். மாட்டலாமா?

மாட்டாதீர்கள். எல்லாம் சரியாக இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும் பெட்டி அது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. காற்று மாசுத் தரத்தை மீறி ஓட்டினால் 190-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. வாரண்டி அன்றோடு முடிந்தது என்பதும், பிறகு நீங்கள் நியாயமான புகார் ஒன்றைக் கொண்டுபோனாலும் அந்தப் பெட்டியைக் காட்டியே தட்டிவிடுவார்கள் என்பதும் அதைவிடப் பெரிய இழப்பு. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது, நம் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றி வேலூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு நாமே இதைக் கேட்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

காட்பாடியிலிருந்து: வாரண்டி முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆனால் மோசமான யூரியா ஊற்றியதால்தான் சென்சார் போனது, ஆகவே வாரண்டி பொருந்தாது என்கிறார்கள்.

அப்படிச் சொல்பவர் அதை அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள். ஆட்ப்ளூவில் யூரியா 32.5 விழுக்காடு இருக்க வேண்டும்; ஐ.எஸ்.ஓ. 22241 தரம் அனுமதிக்கும் எல்லை 31.8 முதல் 33.2 வரை. ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியில் ஒரு நிமிடத்தில் இது தெரிந்துவிடும். உங்கள் முன்னிலையில் டேங்கிலிருந்து எடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டிலில் நீங்களும் எடுத்து மூடி, தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்ப்ளூ வாங்கிய பில்கள் இருந்தால் பாதி வழக்கு முடிந்தது.

ஆனால் நம் பக்கத்துத் தவற்றையும் சொல்லாமல் விட முடியாது. கேனை வாங்கி லாரியின் மேற்கூரையில் கட்டிப் போட்டுக்கொண்டு வேலூர்ச் சித்திரை வெயிலில் ஓட்டுகிறோம். 30 டிகிரிக்கு மேல் நெடுநாள் இருந்தால் அந்தக் கரைசல் கெடத் தொடங்கும், இங்கோ வெயில் 40-ஐத் தாண்டுகிறது. போதாக்குறைக்கு, உர மூட்டை யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றும் புத்திசாலிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் ஊர்த் தண்ணீரின் உப்பு வினையூக்கியையே பாழாக்கிவிடும். சென்சாரின் விலை அதற்கு முன்னால் சில்லறை.

ஆற்காட்டிலிருந்து: நானே ஓட்டும் ஒரே வண்டி. ஐந்து வாரமாக ஒர்க்ஷாப்பில் நிற்கிறது. மாதத் தவணை கட்ட முடியவில்லை. தொழிலுக்கு வாங்கிய வண்டி என்பதால் நுகர்வோர் நீதிமன்றம் ஏற்காது என்கிறார்களே?

உங்களுக்கு அது பொருந்தாது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கருதக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவிலேயே விளக்கம் இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் தொடர்பான லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைப்பதற்காக லாரி வாங்கியவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றும் எடுத்துக்காட்டோடு சொல்லியிருக்கிறது. பத்து வண்டி, பத்து டிரைவர் வைத்திருப்பவருக்குத்தான் இந்தக் கதவு திறப்பது கடினம். அவர்கள் சிவில் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டமே போதும், கம்பெனி இருக்கும் ஊருக்குப் போக வேண்டியதில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து பாருங்கள். வழக்குக்குப் போகாமலே சில கம்பெனிகள் அந்த அளவில் அசைந்துகொடுக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். நம்மவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். வண்டியை விட்ட அன்றே, ஒர்க்ஷாப் எழுதும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் தேதி, கிலோமீட்டர், பழுதுக் குறியீடு மூன்றும் ஏறியிருக்க வேண்டும். "ஸ்டாக் இல்லை, வந்ததும் சொல்கிறோம்" என்பதைப் போனில் கேட்டுக்கொண்டு திரும்பாதீர்கள். எந்த எண்ணுள்ள பாகம், எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள், எப்போது வரும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் கேட்டதே சாட்சி. வாடகை இழப்பைக் கேட்பதென்றால் முந்தைய ஆறு மாத லோடு ரசீதுகளும் வங்கிக் கணக்கும் வேண்டும். பைனான்ஸ் கம்பெனிக்கும் அதே வாரத்தில் ஒரு கடிதம் எழுதி, வண்டி நிற்பதற்கான காரணத்தைச் சொல்லித் தவணைக்கு அவகாசம் கேளுங்கள். கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கேட்காமல் தவறிய தவணையும் கேட்டுவிட்டுத் தவறிய தவணையும் அவர்கள் பார்வையில் ஒன்றல்ல.

ஆரணியிலிருந்து: ஒரே மாடலில் எங்கள் சங்கத்தில் பல வண்டிகளுக்கு இதே பழுது. கம்பெனியே திரும்பப் பெற வேண்டும் என்று கேட்க முடியாதா?

கேட்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவும், 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய அரசு உத்தரவிட வழி செய்கின்றன. ஏழு ஆண்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு அது பொருந்தும். விற்ற எண்ணிக்கையோடு ஒப்பிட்டு எத்தனை புகார் வந்தது என்பதே அதில் அளவுகோல். எனவே சங்கத்தின் பெயரில் போகும் ஒரு மனுவைவிட, ஒவ்வொரு உரிமையாளரும் தம் வண்டி எண்ணோடு தனித்தனியே பதியும் புகாருக்கே மதிப்பு.

வாலாஜாவிலிருந்து: சென்சார் வரும்வரை அப்படியே ஓட்டலாமா? டிரைவர் கப்ளரைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்.

கழற்றினால் சரியாகாது, அது இன்னொரு பழுதாகப் பதிவாகும், இழுவை இன்னும் குறையும். காலியாகவோ அரை லோடிலோ சமவெளியில் ஓட்டுங்கள், மலைப்பாதைக்கு அனுப்பாதீர்கள். புதியது மாட்டிய பிறகு ஒன்றை மட்டும் டிரைவரிடமும் கிளீனரிடமும் சொல்லிவிடுங்கள்: ஓட்டி நிறுத்திய சூட்டோடு வாட்டர் சர்வீசில் சைலன்சர் பக்கம் பம்பைத் திருப்பக் கூடாது. பீங்கான் கொதித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் பட்டால் விரிசல் விழும், நீங்கள் மறுபடியும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.