பதில் பாக்கெட் எந்த வாசலில் போகிறது?

கேள்வி: சார், நான் புது ஹாம் (அமெச்சூர் ரேடியோக்காரன்). ஹாம்களுக்கென்று இருக்கும், 44-இல் தொடங்கும் ஐபி முகவரிகள் வாங்கி, ரேஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில், அந்த முகவரிகளின் பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) இணையத்தின் வழியே சுமந்து வரும் டனல் போட்டிருக்கிறேன். மாதக் காசு கட்டி நிலையான பொது முகவரியும் வாங்கியாச்சு. நண்பர் தன் கைபேசியிலிருந்து பிங் செய்தால் பாக்கெட் என் பைக்கு வருவது, போக்குவரத்தைக் காட்டும் டிசிபிடம்ப் நிரலில் தெரிகிறது. பதில் மட்டும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. போதாததற்கு, டனல் போட்ட நாளிலிருந்து பையில் சில வலைத்தளங்கள் திறப்பதே இல்லை. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், ஆதம்பாக்கம்

பதில்: தம்பி, பாக்கெட் உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அப்படியென்றால் ரவுட்டர் சரி, 44 முகவரிகளுக்கு வரும் பாக்கெட்டை டனலில் அனுப்பிவைக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழக (சான் டியாகோ) கேட்வேயும் சரி. அவற்றைத் தொடாதீர்கள். இதே கோளாறுக்கு நங்கநல்லூர் வீட்டில் மூன்று ராத்திரி முழித்தேன். ரிச்சி தெருவில் புது ரவுட்டர்கூட வாங்கி வந்து மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை.

லினக்ஸ் ஒரு பாக்கெட்டை அனுப்பும்போது அது எங்கே போகவேண்டும் என்றுதான் பார்க்கும். கேள்வி எந்த வழியாக வந்தது என்று பார்க்காது. நண்பரின் கைபேசி சாதாரண இணையத்தில் இருக்கிறது. அதனால் உங்கள் பை பதிலை டனலில் போடாமல் நேரே வீட்டு இணைப்பில் தள்ளுகிறது, அதுவும் 44 முகவரியை அனுப்புநராக வைத்து. இணைய நிறுவனம் தான் கொடுக்காத முகவரியைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிடுகிறது. போலி முகவரிகளைத் தடுக்க அவர்கள் செய்யவேண்டிய வேலைதான் அது. வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள்.

தீர்வு இதுதான்: எந்தப் பாக்கெட் எந்த வழியில் போகவேண்டும் என்று சொல்லும் ரவுட்டிங் டேபிள் ஒன்றை இரண்டாவதாக உருவாக்குங்கள். அதன் டீஃபால்ட் வழி, டனல் வழியாக சான் டியாகோ கேட்வே. பிறகு, எந்த டேபிளைப் பார்ப்பது என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஐபி ரூலில் ஒரே ஒரு வரி: அனுப்புநர் முகவரி உங்கள் 44 தொகுதியாக இருந்தால் இந்த டேபிளைப் பார். மற்ற ஹாம்களின் கேட்வேக்களை சான் டியாகோவிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் ரிப் என்ற வழி அறிவிப்பு சொல்லும். அதைக் கேட்டு வாங்கும் ஆம்பர்-ரிப்டி நிரல் அவற்றையும் இதே டேபிளில் எழுதட்டும்.

வலைத்தளங்கள் திறக்காததற்குக் காரணம், பழைய வழிகாட்டி எதையோ பார்த்து 44-இல் தொடங்கும் அத்தனை முகவரிகளையும் (44.0.0.0/8) டனலுக்குத் திருப்பியிருப்பீர்கள் என்பது என் ஊகம். 1981-இல் ஹாங்க் மக்னஸ்கி ஹாம்களுக்காகக் கேட்டு வாங்கிய முகவரிகள் அவை, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல். அதில் கால் பங்கு, அதாவது 44.192-இலிருந்து மேலே உள்ளதெல்லாம், 2019-இல் அமேசானுக்கு விற்கப்பட்டுவிட்டது. எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. ஆனால் ரவுட்டிங்குக்கு நிலவரம்தான் முக்கியம்: அந்த விற்ற முகவரிகளில் இருக்கும் தளங்களுக்கான பாக்கெட்டும் உங்கள் டனலுக்குள் போய்விடுகிறது. 44.0.0.0/8 வரியை அழித்துவிட்டு 44.0.0.0/9, 44.128.0.0/10 என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள்.

இதையெல்லாம் முடித்தபின் பிங் போகும், ஆனால் வலைப்பக்கம் பாதியில் நிற்கலாம். டனல் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 20 பைட் கூடுதல் தலைப்பு போடுகிறது. ஒரு பாக்கெட்டின் வழக்கமான உச்ச அளவான 1500 பைட்டில் அது போனால் 1480. உங்கள் ஃபைபர் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் இன்னும் 8 போய் 1472. டனலின் எம்டியுவை, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவை, அந்த எண்ணுக்கு வைத்துவிட்டு நண்பரை மறுபடி முயலச் சொல்லுங்கள்.