பழைய ஸ்கேனரை எடைக்குப் போடலாமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பெரிய ஜெராக்ஸ்-ஸ்கேனரையும் ஒரு மேசை ஸ்கேனரையும் கழிக்கப்போகிறோம். பழைய இரும்புக் கடைக்காரர் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். மேசை ஸ்கேனர்களில் பெரும்பாலும் பக்கங்கள் தங்குவதில்லை. வில்லங்கம் பெரிய இயந்திரத்தில்தான். அவற்றில் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் உண்டு; ஸ்கேன் செய்த பான் கார்டும் வங்கிக் கணக்கும் அதில் கிடக்கலாம். ‘ஃபேக்டரி ரீசெட்’ பெரும்பாலும் அமைப்புகளை மட்டுமே மாற்றும். அட்மின் மெனுவில் டிஸ்க்கை மேலெழுதி அழிக்கும் வசதி பெரும்பாலும் தனியாக இருக்கும். டிஸ்க்கைக் கழற்றும் முன்பே அந்த வசதியை ஓட்டுங்கள். பிறகு கழற்றி, தகவல் பதியும் உள்தட்டுகளில் மூன்று இடத்தில் துளையிடுங்கள். இரண்டரை அங்குல டிஸ்க்கில் தட்டு கண்ணாடியாக இருக்கலாம், சிதறும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எஸ்எஸ்டி (தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்) என்றால் மேலெழுதுவது போதாது, சில்லுகளையே நொறுக்க வேண்டும். வாடகை இயந்திரமென்றால் உரிமையாளரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

பலர் மறப்பது: ஸ்கேனை மெயிலுக்கு அனுப்பப் பதிந்த கடவுச்சொல். அதையும் சர்வர் ஃபோல்டர் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். மூடியைத் திறந்தும் பாருங்கள், யாருடைய ஆதாராவது கண்ணாடிமேல் இருக்கும்!

பழைய மேசை ஸ்கேனரின் குழல் விளக்கில் பாதரசம் இருக்கலாம், உடைக்காதீர்கள். 2022 மின்கழிவு விதிகளின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து, சீரியல் எண்ணுடன் சான்றிதழ் வாங்குங்கள்.