லேசர் செய்த கண் மங்குகிறது: கையெழுத்து வைத்த படிவம் வழக்கைத் தடுக்குமா?

கேள்வி: ஐயா, ஹட்டனில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கச்சிக்கு 23 வயது, தோட்டப் பாடசாலையில் டீச்சர். சிறு வயதிலிருந்தே குறும்பார்வை, மைனஸ் ஏழரைக் கண்ணாடி. கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று எங்கள் டவுனில் கண் முகாம் வைத்தபோது முற்பணம் கட்டினோம். பிறகு கொழும்புக்குப் போய் இரண்டு கண்ணுக்கும் லேசிக் என்கிற லேசர் ஆபரேஷன் செய்தோம். 19 மாதம் ஆகிறது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது கரும்பலகை எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள். கண்டி அரச ஆஸ்பத்திரியில் காட்டியபோது, கோர்னியா, அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம், மெலிந்து முன்னுக்குத் தள்ளுகிறது, அதை இறுக்கிப் பலப்படுத்தும் கிராஸ்லிங்கிங் என்கிற சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். கொழும்பில் கேட்டால், "ஆபத்தெல்லாம் படிவத்தில் இருக்கிறது, கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றால் இலவசமாக இன்னொரு தடவை லேசர் செய்து தருகிறோம்" என்கிறார்கள். படிவம் முழுக்க ஆங்கிலம். உள்ளே கூப்பிடும் நேரத்தில்தான் நீட்டினார்கள். வழக்குப் போடலாமா? கொழும்பில் தந்த டயக்னோசிஸ் கார்டின் படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: போடலாம். ஆனால் உங்களுக்கு இருப்பது ஏறக்குறைய ஐந்து மாதம்தான். கவனயீனத்தால் உடலுக்கு வந்த பாதிப்புக்கு நட்டஈடு கேட்பதென்றால், வழக்குக் காரணம் எழுந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கலாக வேண்டும். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இது, இன்றும் அப்படியே நடைமுறையில் இருக்கிறது. பார்வை மங்கிய நாளிலிருந்துதானே எண்ண வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எதிர்த்தரப்பு ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணும். அந்த வாதத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? ஆபரேஷன் நாளையே தொடக்கமாக வையுங்கள். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று வழக்குப் போட்டால் இதைவிடக் கூடுதல் காலம் உண்டு. ஆனால் வலிக்கும் வேதனைக்கும் அந்த வழியில் நட்டஈடு கேட்பது சிரமம். அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது அந்த இலவச லேசர். தயவுசெய்து இப்போதைக்குச் சம்மதிக்க வேண்டாம். நான் வைத்தியன் இல்லை, ஆனாலும் இந்த மாதிரிக் கோவைகளைப் படிப்பவனுக்கு ஒன்று தெரியும்: லேசர் என்பது கோர்னியாவைச் சீவி எடுக்கிற வேலை. மெலிந்துவிட்டது என்று கண்டியில் சொன்ன பிறகு, அதிலேயே இன்னும் சீவுகிறோம் என்றால் முதலில் வேறொரு கண் வைத்திய நிபுணரைக் கேட்க வேண்டாமா? அதோடு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளும் சேர்ந்து வரலாம். அதில் கையெழுத்துப் போட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது படிவம். ஆஸ்பத்திரி சொல்கிற அளவுக்கு அதற்குப் பலம் இல்லை. கவனயீனத்தால் மரணமோ உடற்காயமோ நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்க, 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு வரி படிவத்தில் இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஆபத்தை விளக்கிச் சம்மதம் வாங்கினோம் என்பது வேறு வாதம். விளக்கினார்களா, யார் விளக்கினார், எந்த மொழியில் என்று அங்கே கேட்போம். நோயாளியின் இடத்தில் இருக்கும் நியாயமான ஒருவர் முக்கியமாக எண்ணக்கூடிய ஆபத்தை வைத்தியர் சொல்லியாக வேண்டும் என்று 1994இல் தென்னாபிரிக்காவின் கேப் நீதிமன்றம் காஸ்டெல் எதிர் டி கிரீஃப் வழக்கில் தீர்த்தது. 2015இல் பிரித்தானிய உயர் நீதிமன்றமும் மொண்ட்கோமெரி வழக்கில் அதே வழியில் போய், படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது என்றது. இவை நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இந்த விடயத்தில் நமக்கும் தென்னாபிரிக்காவுக்கும் அடிப்படை ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் என்பதால், நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டலாம். தங்கச்சியோடு அன்று கூடப் போனது யார், என்ன பேசினார்கள், தமிழ் தெரிந்த ஒருவராவது இருந்தாரா? மறப்பதற்குள் எழுதி வையுங்கள்.

ஆனால் வழக்கின் உயிர் படிவத்தில் இல்லை, அந்தக் கார்டில் இருக்கிறது. லேசிக்கில் கோர்னியாவின் மேற்பகுதியை மெல்லிய மடலாக வெட்டித் திறந்து, அடியிலுள்ள இழையத்தை எக்ஸைமர் லேசரால் தேய்த்து, மடலைத் திரும்ப மூடுவார்கள். மூடிய மடல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பழைய பலத்தைத் திருப்பித் தராது. கண்ணின் உள்ளழுத்தத்தைத் தாங்குவது அடியில் மிஞ்சுவதுதான். சாதாரணமாகக் கோர்னியா நடுவில் 540 மைக்ரோன் அளவு இருக்கும், அதாவது அரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் கார்டில் ஆபரேஷனுக்கு முன் வலது கண்ணுக்கு 498 என்றிருக்கிறது. ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 மைக்ரோன் தேய்க்க வேண்டியிருக்கும் என்று வைத்தால், ஏழரைக்கு 105. மடலின் தடிப்பு கார்டில் இல்லை, 120 என்று எடுப்போம். மிஞ்சுவது 273.

இங்கேதான் சண்டை. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு, அது எங்களிடம் இருக்கிறதே என்று ஆஸ்பத்திரி சொல்லும். 300 இருப்பதே நல்லது என்று நினைக்கும் வைத்தியர்களும் உண்டு. இன்னொரு கணக்கில் மடலையும் தேய்த்ததையும் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுவார்கள், 40 வீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. உங்கள் தங்கச்சிக்கு 225ஐ 498ஆல் வகுத்தால் 45 வீதம். இதையெல்லாம்விடப் பெரியது கோர்னியாவின் வளைவைக் காட்டும் டோபோகிராபி என்கிற வரைபடம். ஆபரேஷனுக்கு முன் எடுத்த படத்தில் கோர்னியாவின் கீழ்ப்பக்கம் ஏற்கெனவே கூம்பத் தொடங்கியிருந்தால், அந்தக் கண்ணுக்கு லேசிக் செய்திருக்கவே கூடாது. படமே எடுக்கவில்லை என்றால் உங்கள் கை இன்னும் ஓங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா அளவும் சரியாக இருந்த கண்ணிலும் சில வேளை இப்படித் தள்ளல் வருவதுண்டு. லேசிக்குக்குப் பின் வரும் இந்தக் கோளாறு 1998 முதலே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே கண் கெட்டது என்பது மட்டும் கவனயீனத்துக்குச் சாட்சி ஆகாது. அதோடு, கவனயீனத்தை நிரூபித்தாலும் அதனால்தான் பாதிப்பு வந்தது என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். ஒரு குழந்தையின் மரணம் தொடர்பாகக் குழந்தை வைத்தியப் பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான ஆர்சகுலரத்ன வழக்கில் மாவட்ட நீதிமன்றம் கொடுத்த 50 இலட்சம் ரூபாய், மேன்முறையீட்டில் இரண்டரை இலட்சமாகி, 2001இல் உயர் நீதிமன்றத்தில் ஒன்றுமில்லாமல் போனது இந்த இடத்தில்தான். அதை வாசிக்காமல் மருத்துவ வழக்கை எடுக்கும் சட்டத்தரணியிடம் போகாதீர்கள்.

அதனால் தங்கச்சியின் பழைய கண்ணாடிச் சீட்டுகளைத் தேடுங்கள். கண்ணாடிக் கடையில் கேட்டாலும் பழைய பதிவு இருக்கலாம். வருடா வருடம் சிலிண்டர் பவர், அதாவது கோர்னியாவின் வளைவு ஒரே சீராக இல்லாததைத் திருத்தும் பவர், கூடிக்கொண்டே வந்திருந்தால், சந்தேகப்பட வேண்டிய கண் அது என்று நாம் சொல்வோம். நோய் முன்பே இருந்தது, எங்களால் வரவில்லை என்று அவர்கள் சொல்வார்கள். இரு பக்கமும் வெட்டுகிற கத்திதான், இருந்தாலும் நம் கையில் இருக்கட்டும். கொன்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தாரா, அளவெடுப்பதற்கு முன் எத்தனை நாள் கழற்றி வைக்கச் சொன்னார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். லென்ஸ் அழுத்தியிருந்த கண்ணின் அளவு பிழையாக வரும்.

சிகிச்சையை வழக்குக்காகத் தள்ளிப் போடவே கூடாது. கிராஸ்லிங்கிங் தள்ளலை நிறுத்தத்தான், போன பார்வையை மீட்க அல்ல. தாமதித்தால் தங்கச்சிக்கும் நட்டம். பாதிப்பைக் குறைக்கச் செய்யவேண்டியதைச் செய்யவில்லை என்று எதிராளியும் சொல்வார். ஆனால் அதற்கு முதல் நாளாவது இரண்டு கண்ணுக்கும் முழு ஸ்கேன் எடுத்து, திகதி போட்ட பிரதியை வாங்கிவிடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு கண் மாறிவிடும், பழைய நிலையைக் காட்ட வேறு சாட்சி கிடையாது. பஸ் டிக்கெட் முதல் சொட்டு மருந்து வரை பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

கொழும்பு ஆஸ்பத்திரிக்கு தங்கச்சியின் பெயரில் பதிவுத் தபாலில் கடிதம் எழுதி, முன்பரிசோதனை அளவுகள், டோபோகிராபி, லேசர் இயந்திரத்தின் அச்சுப்பிரதி, படிவம் எல்லாவற்றுக்கும் பிரதி கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் கண்டி அரச ஆஸ்பத்திரிக்குப் பயன்படும், தனியாருக்குப் பொதுவாகப் பயன்படாது. மறுத்தால் வழக்கு தொடங்கிய பின் நீதிமன்றத்தின் மூலம் வெளியே எடுக்கலாம்.

இலங்கை மருத்துவ சபையிலும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையிலும் முறையிடலாம், நான் தடுக்க மாட்டேன். மருத்துவ சபை வைத்தியரின் நடத்தையை விசாரிக்கும், நட்டஈடு தராது. அங்கே விசாரணை நடப்பதால் உங்கள் இரண்டு வருடம் நின்று காத்திருக்காது. பேஸ்புக்கில் பெயர் போட்டு எழுத வேண்டாம். அவதூறு வழக்கு என்ற தலைவலி தேவையில்லை.

எந்த நீதிமன்றம்? ஆபரேஷனும் ஆஸ்பத்திரியும் கொழும்பில் என்பதால் கொழும்பு மாவட்ட நீதிமன்றம்தான் பாதுகாப்பானது. ஹட்டன் முகாமில் முற்பணம் கட்டியதால் ஒப்பந்தம் ஹட்டனிலேயே செய்யப்பட்டது, வழக்கை அங்கும் போடலாம் என்று வாதிடலாம். அதற்கு அந்தப் பற்றுச்சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், படம் எடுத்து அனுப்புங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் கேட்கலாம், வருமானத்தை விசாரிப்பார்கள். எங்கே போனாலும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கட்டியது நீங்களாக இருந்தாலும் கண் அவருடையது, வழக்காளி அவர்தான்.