ஒரே ஆள் அறிவியல் புனைகதையும் கவிதையும் எழுதி எடுபட்டதுண்டா?

கேள்விக்குக் கீழே நீங்கள் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். விண்வெளிக் கதையும் எழுதுகிறீர்கள், கவிதையும் எழுதுகிறீர்கள், ஏதாவது ஒன்றை விட்டுத் தொலை என்று சுற்றியிருப்பவர்கள் சொல்கிறார்கள். அநேகமாக அவர்கள் விடச் சொல்வது விண்வெளியைத்தான் இருக்கும். சரியா?

எடுபட்டதுண்டு. ஹாரி மார்ட்டின்சன் என்று ஒரு ஸ்வீடன்காரர். ஒரு விண்கலத்தை வைத்து 103 பாடல்களில் 'அனியாரா' என்ற காவியம் எழுதியவர், 1974இல் இலக்கிய நோபல் பரிசை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டவர். அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். எனக்கு இந்தக் கேள்வி பழைய புண்ணில் விரல் பட்ட மாதிரி இருப்பதால் மேலே எழுதப் போகிறேன்.

1986, ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம். எனக்கு 28 வயது, தேவகோட்டையில் வங்கி எழுத்தர். எங்கள் ஐயா 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். கடைசிக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்பதை முந்நூறு தடவையாவது சொல்லியிருப்பார். அந்தக் கப்பல் கரைக்கு வராமல் அப்படியே வானத்துக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று ஒரு நீண்ட கவிதை எழுதினேன். உள்ளே பர்மாவில் இருந்த செட்டியார் வட்டிக்கடை ஆட்கள்: மேலாள் இருக்கிறார், அடுத்தாள் இருக்கிறார், பெட்டியடிப் பையன் இருக்கிறான், எல்லாரும் மூன்று வருஷச் சம்பளச் சீட்டு, அதாவது வேலை ஒப்பந்தம், முடிந்து ஊர் திரும்புகிறவர்கள். நட்சத்திரங்களுக்கு நடுவிலும் பேரேட்டை விடாமல் எழுதுகிறார்கள், வட்டி ஏறிக்கொண்டே போகிறது, ஊர் மட்டும் வரவில்லை. இன்றைக்கும் அதை மோசமான யோசனை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதைப் பக்கத்து ஊரில் ஒரு கவியரங்கத்தில் வாசித்தேன். (கம்பன் விழா இல்லை, அதற்கெல்லாம் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்.) பாதி வாசிக்கும்போதே தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "தம்பி ராக்கெட்டில் ஏறிவிட்டார், இறங்க யாராவது ஒரு ஏணி கொடுங்கள்" என்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. மீதி நாற்பது வரியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு 28 வருஷம் கடிதமும் வவுச்சரும் தவிர எதுவும் எழுதவில்லை. ஒரு கிண்டலுக்குப் போய் இப்படியா என்று கேட்பவர்கள் அந்தப் பந்தலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

2014 மார்கழிக்கு வருகிறேன். கானாடுகாத்தானில் தெரிந்தவர் ஒருவர் வீட்டை விடுதியாக மாற்றியிருந்தார். நமக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வரும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்கார விருந்தாளிகளுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டக் கூப்பிடுவார். பட்டாலை, பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், பெல்ஜியம் கண்ணாடி என்று வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டு போனேன். கூட வந்த அறுபது வயது அம்மாள் ஒருவர் எதையும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டாங்கட்டில் மங்குச் சாமான் (இனாமல் பாத்திரம்) அடுக்கியிருந்ததைப் பார்த்ததும் நின்றார். ஒரு தட்டைத் திருப்பி அடியில் இருந்த முத்திரையைப் படித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செட்டிநாட்டு வீடுகளில் இந்த ஸ்வீடன் இனாமல் எவ்வளவு கிடக்கிறது என்று இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது டஜன் கணக்கில் வைத்தது, தூக்கு, அடுக்கு, தட்டு, பேசின், ஏனம் ஏனமாக. முத்திரை கொக்கும்ஸ். அந்த ஆலை இருந்தது ஸ்வீடனின் தெற்கே ப்ளேகிங்கே என்ற மாகாணத்தில், கல்லிங்கே என்ற சிற்றூரில். அந்த அம்மாளுக்குச் சொந்த ஊரே அந்தப் பக்கம்தானாம், அவர் பாட்டி அதே ஆலையில் வேலை பார்த்தவராம். அவர் அழுததைப் பார்த்து எனக்கும் வாய் திறந்துகொண்டது, பர்மாக் கப்பல் கவிதையை அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவர் கேட்டார்: "அனியாரா படித்துவிட்டா எழுதினீர்கள்?"

அப்போது அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. காப்பியடித்துவிட்டுக் கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். 1986 தேவகோட்டையில் ஸ்வீடன் காவியம் எந்தக் கடையில் கிடைத்தது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு மாதத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பு தபாலில் வந்தது. மார்ட்டின்சனும் ப்ளேகிங்கேக்காரர்தான், 1904இல் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா போய்விட்டார். அம்மா பிள்ளைகளை விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஆதரவில்லாத பிள்ளைகளை அந்தக் காலத்து ஸ்வீடனில் ஊர்ச்சபை ஏலம் விடும், அதிகம் கேட்டவருக்கு இல்லை, 'இவ்வளவு கொடுத்தால் போதும், சோறு போட்டு வைத்துக்கொள்கிறேன்' என்று குறைவாகக் கேட்டவருக்கு. பையன் பண்ணை பண்ணையாக மாறினான், ஓடினான், பிடிபட்டான், பதினாறு வயதில் கப்பல் வேலைக்குப் போனான். பிரேசில், இந்தியா எல்லாம் வந்திருக்கிறார். நுரையீரல் கெட்டதும் கரைக்குத் திரும்பி எழுத ஆரம்பித்தார். முதல் கவிதைத் தொகுப்பு 1929இல், பெயரைப் பாருங்கள், 'பேய்க்கப்பல்'.

அந்த ஏலத்தைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம், நான் பள்ளத்தூரில் பிறந்து ஒன்பது வயதில் தேவகோட்டைக்குச் சுவீகாரம் போனவன். எங்கள் செட்டிநாட்டு நகரத்தார் வழக்கத்தில் பிள்ளை கூட்டிக்கொள்கிற வீடு, விடுகிற வீட்டுக்குப் பணம் கொடுக்கும், பிள்ளைக்குச் சொத்து சேரும், மஞ்சள்நீர் குடிக்க வைத்து ஊரறியச் செய்வார்கள். ஏலத்துக்கு நேர் எதிர். சுவீகாரத்தைக் குறை சொல்கிறான் என்று நகரத்தார் யாரும் பாய வேண்டாம், என்னை ராஜா மாதிரி வளர்த்தார்கள். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனும் காரைக்குடிக்குச் சுவீகாரம் போனவர்தானே. நான் சொல்வது இவ்வளவுதான்: பள்ளத்தூருக்கும் தேவகோட்டைக்கும் நடுவே காரைக்குடியில் ஒரு பஸ் மாறினால் போதும், ஆனால் ஒன்பது வயதில் ராத்திரி மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு பள்ளத்தூர் எந்தத் திசை என்று நட்சத்திரம் வைத்துக் கணக்குப் போட்டவனுக்கு அந்தத் தூரம் வேறு. அதைச் சொல்லத்தான் எனக்கு ராக்கெட் தேவைப்பட்டது. அந்தத் தலைவருக்கு இதை அன்றைக்கே சொல்லத் தெரியவில்லை.

சரி, காவியத்துக்கு வருவோம். அணுகுண்டு பயம் உச்சத்தில் இருந்த 1953இல் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவைப் பார்த்துவிட்டு, மனிதர் கொட்டித் தீர்த்த மாதிரி எழுதியிருக்கிறார். முதல் 29 பாடல்கள் அந்த வருஷமே ஒரு தொகுப்பில் வந்தன, முழுசும் 1956இல். நஞ்சாகிப் போன பூமியிலிருந்து 8000 பேரை ஏற்றிக்கொண்டு அனியாரா என்ற கலம் செவ்வாய்க்குக் கிளம்புகிறது. விண்கல் ஒன்றுக்கு ஒதுங்கப்போய்த் தடம் மாறுகிறது, திருப்பும் கருவி கெடுகிறது, யாழ் விண்மீன் கூட்டத்தைப் பார்த்து நேராகப் போக ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான், இனி திரும்புதல் கிடையாது. கலத்தில் மீமா என்று ஒரு இயந்திரம், பூமியின் காட்சிகளைக் காட்டிப் பயணிகளைத் தேற்றும். பூமியில் ஒரு பெருநகரம் அழிவதைப் பார்த்த துக்கம் தாங்காமல் அந்த இயந்திரம் செத்துப்போகிறது. கதை சொல்பவன் அதைப் பராமரிக்கிற ஆள். இன்னொரு இடத்தில், கலம் எவ்வளவு வேகமாகப் போனாலும் கண்ணாடிக்குள் சிக்கிய காற்றுக் குமிழி மாதிரிதான் என்று விளக்குவார்கள். குமிழியும் நகர்கிறதுதான், நகர ஆயிரம் வருஷம் ஆகும். எங்கள் வீட்டு முகப்பில் தொங்கும் பழைய கண்ணாடிக் குண்டுகளில் அப்படிக் குமிழிகள் உண்டு. இப்போது அவற்றைத் துடைக்கும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

நோபல் குழு அவரைப் பற்றிச் சொன்னது, பனித்துளியைப் பிடித்துப் பிரபஞ்சத்தைக் காட்டுகிற எழுத்து என்கிற பொருளில். நமக்கு இது புதிதா? புல்நுனியில் தினையளவு கூட இல்லாத நீர், பனைமரத்தையே காட்டும் என்று திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரில் ஒரு வெண்பா இருக்கிறதே. ஆனால் அந்தப் பரிசு அவருக்கு நல்லது செய்யவில்லை. பரிசைத் தரும் அகாதெமியில் அவரே 1949 முதல் உறுப்பினர், கூட வாங்கியவரும் உறுப்பினர். தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள் என்று அவர் நாட்டுக்காரர்களே கிழித்தார்கள். அவர் அதிலிருந்து எழவே இல்லை. 1978இல் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். ஏணிக் கிண்டலுக்கே 28 வருஷம் படுத்தவன் நான், அவரைக் கோழை என்று யாராவது இங்கே எழுதினால் பதில் சொல்ல மாட்டேன், நேராக பிளாக்.

மங்குச் சாமான் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பங்காளி ஒருவர், பங்கு வீட்டின் ஓடு மாற்ற ஐயாயிரம் கேட்டால் போனையே எடுக்காதவர், ஒரு ஆடியில் வந்து அவர் பங்கு அறையிலிருந்த இனாமல் மொத்தத்தையும் எடைக்குப் போட்ட மாதிரி ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் போட்டுவிட்டுப் போனார். தூக்கு ஒன்று அறுபது ரூபாய். அதே தூக்கைச் சென்னையில் ஒரு காபிக் கடையில் செடி வைத்துப் பார்த்தேன், விலைச்சீட்டு 3200. சீர் கொண்டுவந்த ஆச்சியின் பெயரெழுத்து மூடியில் அப்படியே இருந்தது. இதை யாரிடம் சொல்வது?

இன்னொரு பெயரும் வேண்டுமென்றால் பிரேமேந்திர மித்ரா. வங்காளி, இவரும் 1904, பிறந்தது நம் நகரத்தார் சத்திரம் இருக்கிற அதே காசியில். கவிதைத் தொகுப்புக்காக 1957இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியவர். 1945இல் ஆரம்பித்து கனாதா என்கிற புளுகு மன்னனை வைத்து எழுதித் தள்ளிய அறிவியல் கதைகளை வங்காளப் பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள். யாரும் அவருக்கு ஏணி கொடுத்த மாதிரி தெரியவில்லை.

மீமா சாகிற பாடலை மட்டும் தமிழாக்கி, பள்ளத்தூரில் என்னைப் பெற்ற ஆத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். எண்பது தாண்டியவர். முழுசும் கேட்டுவிட்டு, "அந்தப் பொட்டி செத்த பெறகு யாரு அவுகளுக்கு ஊரைக் காட்டுனா?" என்று கேட்டார். மீதிக் காவியம் முழுக்க அந்தக் கேள்விதான். ஆட்டம் ஆடிப் பார்க்கிறார்கள், புதுப்புது மதங்கள் கிளம்புகின்றன, ஒன்றும் மீமா ஆகவில்லை.

நோட்டில் இதுவரை 31 பாடல்கள் ஆகியிருக்கின்றன, இங்கிலீஷ் வழியாகத்தான், அச்சுக்கு இல்லை, எனக்கு. உங்கள் விண்வெளிக் கவிதை இருந்தால் கீழே போடுங்கள், படிக்கிறேன். எவ்வளவு நீளமானாலும் சரி, நாற்பது வரியோடு நிறுத்த வேண்டாம்.